கண்ணை உருட்டுவார் என்று காத்திருந்தோம்

என் சித்தப்பாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா, தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறார்கள். எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேரு போடாம எழுது" என்றார், அதனால் பெயர் இல்லை.

2007-இல் ஆரம்பித்தது. ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன் ஒருநாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. குளிப்பது நின்றது. சிநேகிதர்கள் வந்தால் இல்லையென்று சொல்லச் சொல்வார். சோற்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தட்டில் போட்டுவிடுவார். ராத்திரியில் யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி மெல்லிய முணுமுணுப்பு. அப்பத்தா தாயத்து கட்டிவிட்டது. அப்பாவோ, "சோம்பேறித்தனம், கால்கட்டு போட்டா சரியாயிரும்" என்றார். மனநோயாக இருக்குமோ என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அது எப்படி இருக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியுமே! கண்ணை உருட்டணும், ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கணும், வேறு குரலில் பேசணும். இரண்டு வருஷம் முன்னால்தான் தெருவே திரண்டுபோய் 'சந்திரமுகி' பார்த்திருந்தோம், அடுத்த இரண்டே மாதத்தில் 'அந்நியன்'. சித்தப்பா அப்படி எதுவும் செய்யவில்லை, அதனால் அவருக்கு ஒன்றுமில்லை. இப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது. மனநோயாளி என்றாலே கொலைகாரன் என்று சினிமா காட்டுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சரிதான். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், எதைக் கவனிக்கணும் என்பதையே அது எங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது என்பதுதான்.

அந்த இரண்டு படங்களிலும் வருவது ஸ்கிசோஃப்ரினியாவே இல்லை, ஆளுமை பிளவுபடுகிற கதை. அது மிக அரிது, படத்தில் வருகிற மாதிரியும் இருக்காது. ஆனால் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி. குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 'பிளவு', 'மனம்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்தார். அவர் சொன்னது நினைப்பு, உணர்ச்சி, செயல் இவற்றுக்கு நடுவே இருக்கிற பிணைப்பு விட்டுப்போவதை. ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்று அவர் சொல்லவில்லை. இன்னொன்று, இந்த நோயில் உருவம் தெரிவதைவிடக் குரல் கேட்பதுதான் அதிகம். குரலைத் திரையில் காட்ட முடியாது என்பதால் கேமரா ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

ஒருவழியாக 2009-இல் டாக்டரிடம் கிளம்பினால், வீட்டு வாசலில் அத்தை வழிமறித்துக்கொண்டு அழுதது: "கரண்ட் வெச்சிருவாங்கடா!" கை காலைக் கட்டி, கதறக் கதற ஷாக் கொடுக்கிற காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருக்கும், பாவம். மின் அதிர்வு சிகிச்சை உண்மையிலேயே உண்டு, கடுமையான மனச்சோர்வுக்கெல்லாம் நல்ல பலன் தரும். மயக்க மருந்து கொடுத்து, தசை தளர ஊசி போட்ட பிறகுதான் செய்வார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. சித்தப்பாவுக்கு அது தேவையே படவில்லை. டாக்டர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆபத்தானவர்கள் என்ற பயத்தின் விலையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். அதற்கப்புறமும் காமெடி டிராக்கில் கீழ்ப்பாக்கம் ஜோக் நின்றபாடில்லை.

படம் எடுக்கிறவர்களுக்கும் சங்கடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒருத்தர் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்திருப்பதை எவன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பான்? ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை, அதனால் ஏறுகிற உடம்பு, காலையில் கண் திறக்க முடியாத தூக்கம், "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நடுவில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, இதற்கெல்லாம் ஏது கிளைமாக்ஸ்?

போன தீபாவளிக்கு டிவியில் மறுபடி 'சந்திரமுகி'. வடிவேலு வரும்போதெல்லாம் சித்தப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைசியில் வேட்டையன் பொம்மையை எரித்து, கங்காவுக்குக் குணமானதும் எழுந்து மாத்திரை டப்பாவைத் தேடினார். "இந்தப் புள்ளைக்கு ஒரே ராத்திரில சரியாயிருச்சு பாத்தியா," என்றார் என்னிடம், "நமக்கு யாரும் பொம்மை செஞ்சு குடுக்கலையேடா."