கல்யாணக் கேசட்டில் பூட்டு இல்லை

‘விஎச்எஸ் வீடியோ கேசட் எல்லாவற்றிலும் காப்பித் தடுப்பு உண்டு, காரைக்குடிக் கல்யாணக் கேசட்டையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. அது சரியில்லை.

மேக்ரோவிஷன் என்ற அந்தத் தடுப்பு 1980களின் நடுவில் வந்தது. கம்பெனிகள் விற்ற சினிமா கேசட்டுகளுக்கானது, அதிலும் எல்லாவற்றுக்கும் போடவில்லை. படத்தின் சிக்னலில், திரையில் தெரியாத மேல் வரிகளில் அளவுக்கு மீறிய துடிப்புகளைச் செருகுவார்கள். டிவி அதைப் பொருட்படுத்தாது. நகலைப் பதிவு செய்யும் விசிஆரில் (வீடியோ கேசட் ரெக்கார்டரில்) சிக்னல் அளவைத் தானாகச் சரிசெய்யும் பகுதிதான் ஏமாறும்: சிக்னல் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நகலில் படம் இருண்டும் வெளுத்தும் மாறி மாறி வரும்.

வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதியில்) நடந்த கல்யாணத்தை உள்ளூர் கேமராக்காரர் எடுத்துக் கொடுத்த கேசட்டில் இதை யார் செருகப் போகிறார்கள்? அதில் இருக்கும் ஒரே பூட்டு, தாலி கட்டும் திருப்பூட்டுதான்!

அப்புறம் ஏன் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ‘காப்பி செய்ய அனுமதியில்லை’ என்று வருகிறது? நாடா பழசாகி சிக்னல் ஆடும்போது, கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் சில கேப்சர் கருவிகள் அந்த ஆட்டத்தையே தடுப்பு என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். விசிஆருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில், சிக்னல் ஆட்டத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் சுத்தம் செய்யாமல் ஓட்டாதீர்கள், நாடாவைப் படிக்கும் விசிஆர் ஹெட்டும் கெட்டுப்போகும்.