20,000 மணி நேரம் பறந்தவருக்குப் பயிற்சி எதற்கு?

நான் குட்டி விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுப்பவன். இரண்டு நாளுக்கு முன் ஒரு மேடையில் ஒரு விமானி கேட்டார்: "20,000 மணி நேரம் பறந்த கேப்டனுக்கு இந்தக் குட்டி விமானத்தில் சொல்லிக்கொடுக்கத் தனியாகப் பயிற்சி எதற்கு?" அந்த ஒரு வரிதான் அன்றிலிருந்து மனதை அறுக்கிறது.

எதற்கு என்றால், அது வேறு வேலை. ஏர்லைன் விமானி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆட்டோபைலட்டைப் போட்டுவிடுகிறார், கையால் ஓட்டுவது பெரும்பாலும் ஒரு பயணத்தில் சில நிமிடங்கள்தான். அது அவர் குற்றமில்லை. பயணிகள் விமானமான ஏர்பஸ் 320 திரும்பும்போது, வாலில் இருக்கும் சுக்கானான ரடரைக் கணினியே பார்த்துக்கொள்ளும், குட்டிப் பயிற்சி விமானமான செஸ்னா 172-இல் உங்கள் கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மூத்த கேப்டனோடு பறந்தேன், தங்கமான மனிதர். முழு பவர் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது, அவர் கால் அசையவே இல்லை. இறங்கும்போது, பெரிய விமானத்தின் உயரத்துக்குப் பழகிய கண் அல்லவா, தரைக்கு இருபது அடி மேலேயே மூக்கைத் தூக்கிவிட்டார். வேகம் கரைந்து, இறக்கை தாங்காமல் போகப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் கத்த, நான் கன்ட்ரோலை வாங்கிக்கொண்டேன். இறங்கியதும் அவரே, "இன்னும் பத்து தடவை என்னோடு வாங்க" என்றார். இன்று அவர் நல்ல பயிற்றுநர். நான் கேட்பது அந்தப் பத்து தடவையைத்தான்.

1983-இல் எரிபொருள் தீர்ந்த போயிங் 767-ஐ கனடாவின் கிம்லியில் இறக்கிய ராபர்ட் பியர்சனும் ஏர்லைன் கேப்டன்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் அவர் இன்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடரும் ஓட்டியவர். கூடுதல் உயரத்தைக் கரைக்க அவர் விமானத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் சறுக்க வைத்தது கிளைடரில் பழகிய கை. சரி, 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது விபத்துக்குள்ளான ஏசியானா 214 விமானம்? வலது இருக்கையில் இருந்தவர் 12,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், ஆனால் பயிற்றுநராக அதுதான் அவருக்கு முதல் பயணம். வேகம் விழுந்துகொண்டே போனதை அவரும் ஓட்டிக்கொண்டிருந்தவரும் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. 3 உயிர் போனது.

அப்புறம், எனக்கு ஏர்லைனில் இடம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று எழுதியவருக்கு: நான் விண்ணப்பித்ததே இல்லை. பதினான்கு வருடமாக, முதல் முறை தனியாகப் பறக்கப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர்கள் திரும்பி இறங்கும்வரை வெயிலில் அண்ணாந்து நிற்கிறேன், அது எனக்குப் பிடித்துத்தான் நிற்கிறேன். மேடையில் பேசிய விமானியே, குட்டி விமானம் என்றீர்களே, நீங்களும் அதில்தானே கற்றீர்கள்? அன்று பக்கத்து இருக்கையில், ரடரில் கால் வைத்தபடி உங்களுக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை அந்த மேடையில் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம்.