பல் செட்: கீழ்த்தாடைதான் சிக்கல்

பல் பிடுங்கிய அன்றே பல் செட் (கழற்றி மாட்டும் செயற்கைப் பல் வரிசை) மாட்டிக்கொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மாட்டலாம், ஆனால் அது தற்காலிகம்தான். பிடுங்கிய முதல் ஆறு மாதத்தில் தாடை எலும்பு வேகமாகக் கரையும், செட் தொளதொளவென்று ஆகிவிடும். உட்புறம் அக்ரிலிக் சேர்த்து இறுக்கும் ரீலைனிங்குக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் 2, 3 மாதம் பொறுத்து அளவு கொடுப்பதே நல்லது.

மேல் செட் அண்ணத்தைக் கவ்வி நிற்கும். கீழே அந்தப் பரப்பு கிடையாது, நாக்கும் தள்ளும். அதனால் கீழ்ச் செட்டுதான் ஆடும், புண்ணாக்கும். வசதி இருந்தால் கீழ்த்தாடை முன்பக்கம் 2 இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு) வைத்து, அதன்மேல் கழற்றி மாட்டும் செட் போடுங்கள். இம்ப்ளான்ட் வைக்கச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

நம் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் வெற்றிலை சீவல் போடுகிறவர்கள் அதிகம். மருத்துவரிடம் தயவுசெய்து மறைக்காதீர்கள். காவியும் சுண்ணாம்பும் செட்டில் படியும். சீவல் துணுக்கு அடியில் சிக்கினால் ஈறு கிழியும். முக்கியமாக, ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க இறுக்கம் இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். வாய் சரியாகத் திறக்காவிட்டால் அளவு எடுக்கும் தட்டே உள்ளே போகாது.

செட்டைக் கொதிநீரில் போடாதீர்கள், வளைந்துவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள்.