நான்கு மாதம் டாங்கில் கிடந்த பெட்ரோல்

நான்கு மாதம் ஓடாமல் நின்ற புல்வெட்டும் இயந்திரத்தை இன்று காலை வெளியே எடுத்து, கயிற்றை முப்பது முறைக்குக் குறையாமல் இழுத்தேன். தோள்பட்டை வலித்ததே தவிர, என்ஜின் ஒருமுறைகூட உறுமவில்லை. புது ஸ்பார்க் பிளக், சுத்தமான ஏர் ஃபில்டர், சரியான அளவில் ஆயில் என எல்லாம் இருந்தும் பயனில்லை. டாங்க் மூடியைத் திறந்ததும் காரணம் மூக்கில் ஏறியது: பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷின் புளித்த நாற்றம்தான் இருந்தது.

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதை விற்கிறவர்கள் ஏன் வாய் திறந்து சொல்வதில்லை? கத்தியை எப்படித் தீட்டுவது, கைப்பிடியை எப்படி மடிப்பது என்றெல்லாம் அரை மணி நேரம் விளக்கியவர், மிச்சப் பெட்ரோலை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கையேட்டில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பக்கம் பக்கமான எச்சரிக்கைகளுக்குப் பிறகு, 30 நாளுக்கு மேல் பழைய பெட்ரோலைப் பயன்படுத்த வேண்டாம் என்று பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியை டாங்க் மூடியின் மேலேயே அச்சிட்டுத் தர என்ன தடை?

அன்றாடம் ஓடும் காரில் பெட்ரோல் பழையதாகும் முன்பே தீர்ந்துவிடும் என்பதால் இந்தத் தொல்லை நமக்குத் தெரிவதில்லை. புல்வெட்டியிலோ, டாங்க் மூடியின் காற்றுத் துளை வழியாகவும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வழியாகவும், குளிர்ந்த என்ஜின் கிளம்புவதற்குத் தேவையான எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது. எஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும், ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஜெட் துளையை அடைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு எத்தனால் வேறு. 10 சதவீத எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோல் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைத்தான் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். மூடி வழியே மழைநீர் இறங்கி அந்த அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் தொடங்குவதும் அந்த அடியில்தான்.

பழுது பார்ப்பவரிடம் கேட்டபோது, இயந்திரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கார்புரேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். மனம் கேட்காமல் நானே, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் ஒற்றைப் போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் பிசினும், அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடியும் இருந்தன. மெல்லிய செம்புக் கம்பியால் ஜெட்டைக் குத்தி, கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினேன். மூன்றாவது இழுப்பில் என்ஜின் ஓடியது. இந்த அரை மணி நேர வேலைக்காகத்தான் ஒரு முழுக் கார்புரேட்டரைத் தூக்கி எறியச் சொன்னார்கள்!

இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது ஒன்று உண்டு. டாங்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்தும் திருகு, அதாவது பெட்ரோல் டேப், இருந்தால், அதை மூடிவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலியாக்கலாம். என் இயந்திரத்தில் அந்தச் சின்ன டேப்பே கிடையாது. மலிவான மாடல்கள் பலவற்றிலும் இதே கதைதான். சில்லறைச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, பராமரிப்பு சரியில்லை என்று நம்மைக் குறை சொல்கிறார்கள். பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள் என்று ஆலோசனை வேறு. அதைப் புதுப் பெட்ரோலில் கலந்து, கார்புரேட்டருக்குள் சேரும்படி சில நிமிடம் என்ஜினை ஓடவிட வேண்டும். கெட்ட பெட்ரோலை அது மீட்டுத் தராது. இதையும் யாரும் சொல்வதில்லை.

வடித்தெடுத்த முக்கால் லிட்டர் கெட்ட பெட்ரோல் இன்னமும் கேனில் நிற்கிறது. சாக்கடையிலோ மண்ணிலோ அதை ஊற்ற எனக்கு மனம் வராது. விற்ற கடையில் கேட்டேன். எரிபொருள் எங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.