எதிர்ப்பொருளும் கீழேதான் விழுகிறது. அதை ஏன் அளந்து பார்க்க வேண்டும்?

நம் பொருளின் துகள்களுக்கு அதே நிறையும் நேரெதிர் மின்னூட்டமும் கொண்ட இரட்டைத் துகள்கள் உண்டு; அவற்றால் ஆனதுதான் எதிர்ப்பொருள். அதைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே "அது மேலே போகுமாமே" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். போகாது. ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு 2023 செப்டம்பரில் நேச்சர் இதழில் அதைச் சொல்லிவிட்டது. சரி, முடிந்தது என்று பார்த்தால் அடுத்த கூட்டம் வருகிறது: "ஈர்ப்பில் எல்லாம் ஒரே மாதிரிதான் விழும் என்பது ஐன்ஸ்டைன் சொன்னதுதானே, இதற்கு எதற்கு இத்தனை செலவு?" எனக்கு வழக்கு இவர்களோடுதான்.

எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1932-இல். அதற்குப் பிறகு 91 ஆண்டுகள் எதிர்ப்பொருள் எந்தப் பக்கம் விழுகிறது என்று யாரும் நேரடியாகப் பார்த்ததில்லை. மறைமுக வாதங்கள் ஏராளம், வலுவானவையும்கூட. ஆனால் இதே குழு 2013-இல் அளக்க முயன்றபோது கிடைத்த வரம்பைப் பாருங்கள்: ஈர்ப்பைப் போல் 110 மடங்கு வரை கீழே இழுக்கப்படலாம், 65 மடங்கு வரை மேலே தள்ளப்படவும் செய்யலாம்! நம் கையில் இருந்த நேரடி அறிவு அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு சிரமம்? பாசிட்ரானைத் தனியாகப் போட்டுப் பார்க்க முடியாது. அதற்கு மின்னூட்டம் உண்டு. சுற்றியிருக்கும் இத்துனூண்டு மின்புலம்கூட ஈர்ப்பை ஒன்றுமில்லாமல் செய்துவிடும். அதனால் எதிர் புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த, மின்னூட்டமற்ற எதிர் ஹைட்ரஜன் அணு வேண்டும். அதுவோ சாதாரணப் பொருளால் ஆன சுவரைத் தொட்ட கணத்தில் அழிந்துவிடும். எனவே அரை கெல்வினுக்கும் குறைவான ஆற்றலுள்ள, அதாவது கடுங்குளிரில் மெதுவாக நகரும் அணுக்களைச் செங்குத்தான காந்தக் கூண்டில் பிடித்து வைத்தார்கள். பிறகு மேல் காந்தத்தையும் கீழ்க் காந்தத்தையும் 20 நொடிகளில் மெல்லத் தளர்த்தினார்கள். தப்பித்த அணுக்கள் எங்கே போய் அழிகின்றன என்று எண்ணினார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கீழே.

இதில் நான் சொக்கிப்போனது ஓர் எண்ணில். சுமார் 25 சென்டிமீட்டர் உயரக் கூண்டில் ஈர்ப்பின் பாதிப்பை ஈடுகட்ட வெறும் நாலரை காஸ் (காந்தப்புலத்தின் அலகு) வேறுபாடு போதும். கூண்டின் புலமோ ஆயிரக்கணக்கான காஸ். மேலும் கீழும் அதை அத்தனை துல்லியமாகச் சமன்செய்யாவிட்டால் நீங்கள் அளப்பது ஈர்ப்பை அல்ல, உங்கள் காந்தத்தின் கோணலை. அதனால் வேண்டுமென்றே அந்த வேறுபாட்டைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, அணுக்கள் கணக்குப்படி நடக்கின்றனவா என்று சரிபார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. தலைப்புச் செய்திகளில் அதற்கு இடமே கிடைக்கவில்லை.

முடிவு 0.75 g, அதாவது சாதாரணப் பொருள் விழும் முடுக்கத்தில் முக்கால் பங்கு. உடனே "மெதுவாக விழுகிறதாம்" என்று கிளம்பாதீர்கள். புள்ளிவிவரமும் கருவியும் சேர்ந்து 0.13, கணினி உருவகத்தால் 0.16 என்று பிழை வரம்பே இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் 1 g என்பதோடு இதற்கு முரண்பாடு இல்லை. மேலே தள்ளப்படுகிறது என்பதற்கு மட்டும் இடமே இல்லை.

புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி, உள்ளே இருக்கும் குவார்க் துகள்களின் இயக்க ஆற்றலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களின் ஆற்றலும்தான். எதிர் புரோட்டானிலும் அப்படியே. ஆகவே வித்தியாசம் ஏதாவது இருந்தாலும் அது மிகச் சிறியதாகத்தான் இருக்கும், 0.75 போன்ற கரடுமுரடான எண்ணில் அது தெரியவே தெரியாது. இன்னும் துல்லியமாக அளக்க இன்னும் குளிர்ந்த அணுக்கள் வேண்டும்; எதிர் ஹைட்ரஜனை லேசரால் குளிர்விக்கும் வித்தை 2021-இலேயே கைவந்துவிட்டது. செர்னின் அதே கூடத்தில் ஏஜிஸ், ஜிபார் என்று வேறு இரண்டு குழுக்களும் வேறு வழிகளில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. என்னைக் கேட்டால் கடைசியில் 1 என்றுதான் வரும். இருந்தாலும் அளக்கட்டும்.