கணக்கில் வராத ஆட்டம்தான், அதனால் என்ன?

அமெரிக்க பேஸ்பாலின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மகளோடு போய்வந்து புதன்கிழமை நம் குழுவில் நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். "கண்காட்சி மேட்சுக்கா இவ்ளோ அலப்பறை?" என்று ஒருவர் ஆரம்பித்தார். அடுத்தவர் என் மகளைப் பார்த்து, "பரீட்சை பேப்பர் மாதிரி கையில என்னத்தையோ புடிச்சிட்டு நிக்குது பாரு" என்றார். அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் சிலர் போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஆமாம், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பிரிவுகளின் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் கணக்கில் வராது. யார் ஜெயித்தாலும் எந்த அணியின் புள்ளியும் ஏறாது, இறங்காது. தெரிந்துதான் போனேன். கணக்கில் வராததெல்லாம் மதிப்பில்லாதது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அதைக் கணக்கில் சேர்த்தும் பார்த்துவிட்டார்கள். 2002இல் மில்வாக்கியில் 11 இன்னிங்ஸ் ஆடி 7-7. இரண்டு பக்கமும் பந்து வீசும் பிட்சர்கள் தீர்ந்துபோய் டை என்று அறிவித்தபோது அரங்கமே கூச்சல் போட்டது. அடுத்த ஆண்டே புது விதி வந்தது: ஆல்-ஸ்டாரில் ஜெயிக்கும் லீகுக்குத்தான் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரில் சொந்த மைதானச் சாதகம். 2016 வரை அப்படித்தான் நடந்தது. பிறகு அவர்களே எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் ஜனங்கள் வருகிறார்கள். லாபத்துக்காக வருகிற கூட்டமில்லை அது.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எங்கள் பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்ட ஒரே ஆள். மகளுக்கு அவர் தாத்தா. கோடைச் சாயங்காலங்களில் அவர் வீட்டுத் திண்ணையில் ரேடியோ ஓடும், மகள் மடியில் ஸ்கோர் அட்டை இருக்கும். மூன்று ஸ்டிரைக் விழுந்து ஸ்டிரைக் அவுட் ஆனால் ஒரு 'கே'. மட்டையைச் சுழற்றாமலே அவுட் ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்ட 'கே'. தடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண்: 6-4-3 என்றால் பந்து ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது பேஸ், முதல் பேஸ் என்று கைமாறி இரண்டு பேர் காலி. பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனாவைத் தொடவே விடமாட்டார்.

1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஹாங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்து, பழைய சாதனைக்காரர் பேப் ரூத்தைத் தாண்டியபோது, பெரியவர் ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ரேடியோ கேட்டவர். அந்தச் சாதனையை ஒரு கறுப்பர் தொடக் கூடாது என்று ஆரனுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம். "பந்து சுவரைத் தாண்டுச்சுன்னு கேட்டப்ப சந்தோஷம் அப்புறம்தான் வந்துச்சு. யாரும் சுட்டுடலையேங்கிற நிம்மதிதான் முதல்ல வந்துச்சு" என்பார். எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்.

2021இல் ஆல்-ஸ்டார் அட்லாண்டாவுக்கு வருவதாக இருந்தது. அந்த ஜனவரியில்தான் ஆரன் இறந்திருந்தார். மூன்று பேரும் போவதாகத் திட்டம். ஜார்ஜியாவின் புதிய வாக்களிப்புச் சட்டத்தை எதிர்த்து ஏப்ரலில் ஆட்டத்தை டென்வருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் மேல் பெரியவருக்கும் கோபம்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் ரேடியோ போடவில்லை. அப்புறம் 2023இல் அவர் போய்விட்டார்.

2025இல் ஆட்டம் மறுபடி அட்லாண்டாவுக்கே வந்தது. ஜூலை 15 அன்று ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்துக்குப் போனது நானும் மகளும் மட்டும்.

நேஷனல் லீக் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் வந்ததும் முதல் இரண்டு பேரையும் ஸ்டிரைக் அவுட் செய்தார். மகள் இரண்டு 'கே' போட்டாள். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. 1974ஆம் ஆண்டின் அந்த இரவு மைதானத்தில் ஒளியாக விரிந்தது. மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து ஒரு தீப்பொறி கிளம்பி ஆரனின் பந்து போன வழியிலேயே போனது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

6-0 என்று இருந்த ஆட்டத்தில் ப்ரென்ட் ரூக்கரின் மூன்று ரன் ஹோம் ரனோடு அமெரிக்கன் லீக் எழுந்து, ஒன்பதாவதில் 6-6 ஆக்கிவிட்டது. அடுத்துத்தான் நீங்களெல்லாம் கேலி செய்த அந்த 'ஸ்விங்-ஆஃப்'. ஆட்டம் டை ஆனால், பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று மட்டை வீச்சு, யார் அதிக ஹோம் ரன் என்று பார்ப்பது. 2022இல் வந்த விதி, முதன்முதலாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

"இது மேட்சா, குலுக்கல் சீட்டா?" என்று கேட்டவருக்கு: 2019 லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் சூப்பர் ஓவரும் டை ஆகி, பவுண்டரி எண்ணிக் கோப்பை கொடுத்ததை நீங்கள் விடிய விடியப் பேசவில்லையா? அது உலகக் கோப்பை. இது விழா. விழாவில் இப்படி முடிப்பதில் என்ன குறை?

கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சில் மூன்று ஹோம் ரன். கடைசிப் பந்துக்கு ஒரு முழங்கால் தரையில் பட இறங்கி அடித்தார். 4-3, நேஷனல் லீக். ஷ்வார்பர் பிலடெல்பியா அணிக்காரர், அட்லாண்டா ரசிகருக்குப் பங்காளிப் பகை. மற்ற நாளில் அவர் பெயரைக் கேட்டாலே ஊளையிடுகிற கூட்டம் அன்றைக்கு எழுந்து நின்று கத்தியது. என் முன்வரிசையில் பிரேவ்ஸ் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்த பிலடெல்பியாச் சட்டைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கணக்கில் வருகிற ஆட்டத்தில் இது நடக்குமா? கணக்கில் வராததால்தான் நடந்தது. இதைத்தான் புதன்கிழமையிலிருந்து சொல்ல முயற்சி செய்கிறேன்.

டிக்கெட் விலையைக் கேட்கிறவர்களுக்குப் பதில் இல்லை. என் காசு.

"நம்மாளுங்களுக்கு கிரிக்கெட் இருக்கையில எதுக்கு இந்த வேஷம்?" என்ற குரல் பதிவுதான் அதிகம் வலித்தது. நான் கிரிக்கெட்டை விடவில்லை. சேப்பாக்கத்தில் வெயிலில் வரிசையில் நின்றவள்தான் நான். ஆனால் என் மகள் பிறந்தது இங்கே. தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிறு தவறாமல் போகிறாள், உங்கள் பிள்ளைகளைவிட நன்றாகவே எழுதுகிறாள். இதைச் சொல்லக் கூடாது என்று தெரியும், சொல்லிவிட்டேன். அவளுக்கு இந்த ஊரில் ஒரு தாத்தா கிடைத்தார். அவர் கொடுத்த ஆட்டம் இது. அதை வேஷம் என்று சொல்ல நீங்கள் யார்? பிரசவத்துக்கு என் அம்மாவுக்கு விசா கிடைக்காதபோது வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனது அந்த வீடு. 'நம்மாளுங்க' குழுவில் அன்றைக்கு வாழ்த்துச் செய்தி வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் 'பரீட்சை பேப்பர்' ஸ்கோர் அட்டை. பெரியவர் வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த கட்டிலிருந்து அவர் மனைவி எடுத்துக் கொடுத்தது. ஸ்விங்-ஆஃபுக்கு அதில் கட்டமே கிடையாது. மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓரத்தில் அளவுகோல் இல்லாமல் ஆறு கட்டம் கிழித்தாள். ஷ்வார்பர் கட்டத்தில் மூன்று கோடு. பென்சில்தான்.

மறுநாள் காலை அதை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தப் படம் அவர்கள் வாசற்படியில் எடுத்தது.