ரீஎஸ்எச் சரியாக வந்தால் குளிசையை நிறுத்தலாமா?
அண்ணை, ‘ரீஎஸ்எச் (தைரொயிட் சுரப்பியின் வேலையைக் காட்டும் இரத்தச் சோதனை) சரியாக வந்துவிட்டது, இனித் தைரொக்சின் (தைரொயிட் குறைபாட்டுக்கு எடுக்கும் ஹோர்மோன் குளிசை) தேவையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. பெரும்பாலானோருக்கு அந்த அளவு சரியாக நிற்பதே குளிசையால்தான். நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. உடம்பிலுள்ள தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் எடுக்கும். ‘விட்டுப் பார்த்தேன், சுகமாக இருக்கிறேன்’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். குளிசையின் அளவை மாற்றினாலும் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் இரத்தம் சோதிப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் தைரொயிட் குறைபாடு சிலருக்குத் தானாக மாறும், உண்மை. அதையும் வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

ரீஎஸ்எச் ஏறி இறங்கினால் முதலில் காலைத் தேத்தண்ணியைப் பாருங்கள்; அது குளிசை உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். யாழ்ப்பாணத்தில் கண் முழிப்பதே அதில்தானே! வெறுவயிற்றில் தண்ணீரோடு குளிசை, அரை மணியாவது பொறுத்துத்தான் பால்தேத்தண்ணி. கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.